வெட்டாமல் ஒரு கஃபே ரேசர்: உப்புக்காற்று ஊரில் பழைய புல்லட்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பழைய புல்லட்டைக் கஃபே ரேசர், அதாவது தாழ்ந்த ஹாண்டில்பாரும் தட்டை சீட்டும் வைத்த வண்டி, ஆக்கக் கொண்டுபோனால் முதலில் கிரைண்டர்தான் கையில் எடுக்கப்படுகிறது. பின் மட்கார்டைத் தாங்கும் கம்பியை அறுத்து, வளைந்த பைப் ஒன்றை வெல்டு வைத்து, அதன்மேல் தட்டையாக ஒரு சீட் போட்டால் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். அறுத்த கம்பியை மறுபடி ஒட்டவைக்க முடியாது. வெல்டு வைத்த இடத்துக்குள் ஈரம் இறங்கினால், நம் கடற்கரைக் காற்றில் ஓரிரு மழைக்காலத்திலேயே பெயிண்டுக்கு அடியில் துரு கொப்பளிக்கும். சேஸிஸை ஓர் இடத்தில்கூட அறுக்காமல், நட்டு-போல்ட்டில் கழற்றி மாட்டுகிற மாதிரியே முழு வண்டியையும் கட்டலாம். அப்படிக் கட்டுவதற்கான கணக்குகளும் கவனிக்க வேண்டிய இடங்களும்தான் கீழே. பேச்சு முழுக்க இரும்பு சிலிண்டர் 350 பற்றியது: போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 90 மி.மீ., 346 சி.சி., வலதுகால் கியர், நாலு கியர் ஆல்பியன் கியர் பாக்ஸ்.

கஃபே ரேசர் என்ற பெயர் 1950, 60களின் இங்கிலாந்தில் லாரி ஓட்டுநர்கள் டீ குடிக்க நிறுத்திய சாலையோரக் கடைகளிலிருந்து வந்தது. லண்டனின் வடக்குச் சுற்றுச்சாலையில் 1938இல் திறந்த ஏஸ் கஃபே அவற்றில் பேர்போனது. அங்கே கூடிய இளைஞர்களின் குறி மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர். 1961க்குப் பிறகு அங்கே பழகுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் 250 சி.சி.க்கு மேல் ஓட்டக்கூடாது என்று ஆனதால், ராயல் என்ஃபீல்டு நிறுவனமே 1960களின் நடுவில் கான்டினென்டல் ஜிடி 250 என்று தாழ்ந்த ஹாண்டில்பாரும் நீண்ட டேங்கும் வைத்துத் தொழிற்சாலையிலேயே கஃபே ரேசர் செய்து விற்றது. நம் 350இன் சக்தி 18 குதிரை. அது 160ஐத் தொடாது, தொட வைக்கவும் முயல வேண்டாம். அந்த இளைஞர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய முறையை: வேண்டாத எடையைக் குறைப்பது, பிரேக்கைத் திடமாக்குவது, ஓட்டுபவர் முன்னால் சாய்ந்து வண்டியோடு ஒட்டி உட்காருவது.

சட்டத்தை முதலிலேயே பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் எப்படிக் கட்டுவது என்பதையே அது தீர்மானிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. 2019இல் சேர்ந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை என்கிறது. இரண்டும் சேர்ந்தும் வரலாம். தனியார் வண்டிக்கு 15 ஆண்டு முடிந்தால் 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். டிஎன் 74 (நாகர்கோவில்) ஆனாலும் டிஎன் 75 (மார்த்தாண்டம்) ஆனாலும் வண்டியை நேரில் காட்டியாக வேண்டும். களியக்காவிளை தாண்டினால் கேரளச் சோதனையும் உண்டு. எனவே கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, பெயர் எழுதி வையுங்கள். ஒரு நாள் வேலையில் வண்டி பழைய கோலத்துக்குத் திரும்ப வேண்டும்.

இன்னொன்று: உங்கள் வண்டி 50 வயதைத் தாண்டி, எதுவும் மாறாமல் இருந்தால் அதைத் தொடாதீர்கள். 2021இல் வந்த விதிப்படி அது விண்டேஜ் பதிவுக்குத் தகுதியானது. சேஸிஸிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்த வண்டிக்கு அந்தப் பதிவு கிடைக்காது. ஏற்கெனவே மட்கார்டு போய், டேங்க் மாறி, பாதி உருக்குலைந்து கிடக்கும் வண்டிதான் இந்த வேலைக்கு ஏற்றது.

வண்டி வாங்கும்போது மூன்று இடம் பாருங்கள். முதலாவது சேஸிஸ் நேராக இருக்கிறதா என்பது. இதற்கு ஒரு தூண்டில் நரம்பு போதும். வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, பின் டயரின் இருபுறமும் நரம்பை ஒட்டி இழுத்து முன் டயர் வரை கொண்டுபோங்கள். பின்னால் 3.50, முன்னால் 3.25 டயர் இருந்தால் அகல வித்தியாசம் கால் அங்குலம். முன் டயரின் இரு பக்கமும் சுமார் 3 மி.மீ. இடைவெளி சமமாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் 6 மி.மீ. இருந்தால் சக்கரம் கோணலாக மாட்டப்பட்டிருக்கலாம், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது சேஸிஸ் முறுக்கியிருக்கலாம். முதல் இரண்டையும் சரிபார்த்த பின்பும் கோணல் இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

இரண்டாவது, பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட். சிலிண்டரைக் கழற்றினால் ராடை மேல்முனையில் நிறுத்தி மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது அசைவு இருப்பது இயல்பு. மேல்-கீழ் ஆட்டம் விரலுக்குத் தெரிந்தாலே பிக் எண்ட், அதாவது ராடின் கிராங்க் பக்க பேரிங், வேலை இருக்கிறது. மூன்றாவது ஆயில் பம்ப். வண்டி ஓடும்போது ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பின் முனையை இறுக்கியிருக்கும் பான்ஜோ போல்ட்டைச் சற்றுத் தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும். நிறுத்தி வைத்த வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் நீலப்புகை கக்கினால் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து அடியில் தேங்குகிறது என்று அர்த்தம். பம்பைத் திறக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: கிராங்க் முனையில் இருந்து பம்பைச் சுழற்றும் வார்ம் நட்டுக்கு இடமரை, அதாவது எதிர்த்திசையில் கழலும் புரி. வழக்கமான திசையில் பலம் போட்டால் இறுகிக்கொண்டே போய்க் கடைசியில் முறியும்.

மரையைப் பற்றிச் சொல்ல இன்னும் இருக்கிறது. இந்த வண்டியில் பாதி மரை மெட்ரிக் கிடையாது. பழைய இங்கிலாந்து மரைகளான பிஎஸ்எஃப்பும், ஓர் அங்குலத்துக்கு 26 புரி கொண்ட சைக்கிள் மரையும். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. எனவே எம்8 போல்ட் இரண்டு சுற்று அழகாக ஏறி, மூன்றாவது சுற்றில் இறுகும். அங்கே ஸ்பேனரை அழுத்தினால் அலுமினிய கேஸில் இருக்கும் மரை உரிந்து வரும். பழைய போல்ட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கிடைக்கவில்லை என்றால் லேத்தில் கடைந்து வாங்குங்கள்.

இனி ஹாண்டில்பார். படங்களில் பார்க்கும் கிளிப்-ஆன், ஃபோர்க் குழாயைக் கவ்விப் பிடிக்கும் இரட்டைப் பிடி. பழைய 350இல் ஹெட்லைட்டையும் ஃபோர்க்கின் மேல்முனையையும் ஒரே வார்ப்பான மூடி சேர்த்துப் பிடித்திருப்பதால் கிளிப்-ஆனுக்குக் கவ்வ இடமே கிடையாது. ஹெட்லைட் தனியாக உள்ள பின்னாளைய மாடலின் டி-ஸ்டெம்மும் (ஃபோர்க்கைச் சேஸிஸோடு பிடிக்கும் பாகம்) ஃபோர்க்கும் தேடி மாற்றலாம். ஆனால் அதோடு வயரிங், ஸ்பீடோமீட்டர், பூட்டு எல்லாம் மாறும். எங்கள் பரிந்துரை, அதே மூடியில் அதே கிளாம்ப்பில் 22 மி.மீ. கிளப்மேன் பார், அதாவது முன்னால் போய்க் கீழே வளைந்து திரும்பும் பார். பிடி கிட்டத்தட்ட கிளிப்-ஆன் உயரத்துக்கே இறங்கும், திருப்பி மாட்ட அரை மணி நேரம். மாட்டியதும் ஹாண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பி, டேங்குக்கும் பிடிக்கும் நடுவில் கட்டைவிரல் நசுங்காத இடைவெளி, குறைந்தது 25 மி.மீ., இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பாரைச் சற்று மேலே சுழற்றுங்கள். டேங்கைத் தட்டிக் குழி போட வேண்டாம்.

பார் இறங்கினால் கேபிள் நீளம் அதிகமாகிவிடும். அதை வளையமாகச் சுருட்டிவிட்டால் கிளட்ச் கல்லாகக் கனக்கும். வெளிக்குழாயை எத்தனை மி.மீ. வெட்டுகிறீர்களோ உள்கம்பியையும் அத்தனையே வெட்ட வேண்டும். கேபிள் முனையில் லீவரில் மாட்டும் உலோகக் குமிழான நிப்பிள் வைக்கும்போது கம்பி முனையை நிப்பிளுக்குள் விட்டு, வெளிவரும் 3 மி.மீ. இழைகளைப் பூவாக விரித்து, ஃப்ளக்ஸ் தொட்டு, உருகிய ஈயத்தில் முக்கி எடுங்கள். விரிக்காமல் ஈயம் மட்டும் வைத்த நிப்பிள் ஒரு நாள் பிரேக்கை அழுத்தும்போது கழன்று வரும். கேஸ் வெல்டிங் தீயில் சூடாக்கினால் இழையின் வலு போய்விடும். அதைச் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கால்வைப்பைப் பின்னால் தள்ளுவதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி. பார் மட்டும் இறங்கிக் கால் பழைய இடத்திலேயே இருந்தால் முழு உடல் எடையும் மணிக்கட்டில் இறங்கும். நாகர்கோவிலிலிருந்து குலசேகரம் போவதற்குள் கை மரத்துவிடும். 200 முதல் 250 மி.மீ. பின்னால், 50 முதல் 80 மி.மீ. மேலே என்பது சராசரி உயரம் உள்ளவருக்குச் சரியாக வரும். அட்டையில் வெட்டி வண்டியில் கட்டி உட்கார்ந்து பார்த்த பிறகு 8 மி.மீ. அலுமினியத் தகடு அல்லது 6 மி.மீ. இரும்புத் தகட்டில் வெட்டச் சொல்லுங்கள். பின்னால் உட்காருபவரின் கால்வைப்பு போல்ட்டும் ஸ்விங் ஆர்ம் போல்ட்டும் பிடிமானத்துக்கு இருக்கின்றன. புதுத் துளை தேவையில்லை. வலப்பக்கம் கிக்கர் இறங்கும் பாதை இருப்பதால் அந்தப் பக்கக் கால்வைப்பு கட்டாயம் மடங்க வேண்டும். மடங்காத கால்வைப்பில் கிக்கர் பட்டுத் திரும்பினால் கணுக்கால் போகும்.

கியருக்கு இரு முனையிலும் ராட் எண்ட் (அசையும் பந்து மூட்டு) வைத்த இணைப்புக் கம்பி போடுங்கள். ஒன்று வலமரை, ஒன்று இடமரை. அப்போதுதான் கம்பியைக் கழற்றாமல் சுழற்றியே நீளம் சரிசெய்யலாம். கியர் நடுநிலையில் இருக்கும்போது லீவருக்கும் கம்பிக்கும் 90 டிகிரி இருக்க வேண்டும். 60, 70 என்று குறைந்தால் ஒரு பக்கம் கியர் விழும், மறுபக்கம் பாதியில் நிற்கும். அப்போது பாக்ஸைக் குறைசொல்லிப் பிரிக்கிறவர்கள் பலர். கோளாறு அந்தக் கோணத்தில்தான். பெட்டியில் உள்ள லீவரை மேல்நோக்கி வைத்தீர்களா கீழ்நோக்கி வைத்தீர்களா என்பதைப் பொறுத்து கியர் வரிசை தலைகீழாகலாம். ரோட்டில் இறங்குவதற்கு முன் ஸ்டாண்டில் நிறுத்திப் பாருங்கள்.

பின் பிரேக் இடப்பக்கம். பெடல் சுழலும் இடத்திலிருந்து கால் படும் இடம் வரை ஒரு நீளம், கம்பி மாட்டும் இடம் வரை ஒரு நீளம். இந்த இரண்டின் விகிதத்தைப் பழைய பெடலில் அளந்து புதியதிலும் அதையே வையுங்கள். அழகுக்காகக் குட்டைப் பெடல் வைத்தால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. பிரேக் லைட் சுவிட்சையும் மறக்காமல் இடம் மாற்ற வேண்டும்.

முன்னால் 7 அங்குல இரட்டை லீடிங் ஷூ டிரம், அதாவது இரண்டு ஷூவுக்கும் தனித்தனி கேம் உள்ள டிரம், இருந்தால் அது நல்ல பிரேக். பலர் அதை மோசம் என்பது இரண்டு கேமும் ஒரே நேரத்தில் திறக்காததால்தான். இணைப்புக் கம்பியைக் கழற்றுங்கள். இரண்டு லீவரையும் தனித்தனியே ஷூ டிரம்மைத் தொடும்வரை தள்ளுங்கள். அந்த நிலையில் கம்பி நீளத்தைச் சரிசெய்து மாட்டுங்கள். புது ஷூ போட்டால் டிரம்மின் வளைவுக்கு ஏற்ப லேத்தில் லேசாகக் கடைந்து, முன் விளிம்பைச் சாய்வாகத் தேயுங்கள்.

சீட் விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. சின்னமுட்டத்திலிருந்து குளச்சல், தேங்காப்பட்டணம் வரை ஃபைபர் வள்ளங்களைப் பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். உப்புத்தண்ணீரில் நிற்கிற பொருளை நாள்தோறும் செய்பவர்களுக்கு ஒரு சீட் பேன் பெரிய வேலை இல்லை. "அண்ணே, 450 மேட்டுல நாலு லேயர் போட்டுத் தாங்க" என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும்; 450 என்பது கண்ணாடி இழைப் பாயின் ஒரு சதுர மீட்டர் எடை, கிராமில். ஒரு லேயர் சுமார் 1 மி.மீ. வரும், நாலு லேயர் ஓட்டுபவர் எடையைத் தாங்கும். போல்ட் வரும் இடத்தில் இன்னும் இரண்டு லேயரும் நடுவில் ஓர் இரும்பு வாஷர் தகடும் வையுங்கள். நீங்களே செய்வதானால் ரெசினில் ஹார்டனர் 1 முதல் 2 சதவீதம், வெயில் நாளில் 1 சதவீதத்தை ஒட்டியே. ஹார்டனரையும், ரெசினை வேகமாக இறுக வைக்கும் ஆக்சிலரேட்டர் திரவத்தையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், வெடிக்கும். ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலந்து முடித்த பிறகுதான் ஹார்டனர்.

ஆர்.சி.யில் இருக்கை இரண்டு என்று இருக்கும். ஆகவே சீட் பேனை இருவர் நீளத்துக்கே செய்து, பின்பாதியின்மேல் கழற்றக்கூடிய கூம்பு மூடி ஒன்றை இரண்டு போல்ட்டில் மாட்டுங்கள். மூடியைக் கழற்றினால் இருவர் சீட். பின் கால்வைப்பும் கைப்பிடியும் சேலை கார்டும் அப்போது திரும்பவும் வர வேண்டும். அவற்றின் துளைகளை மறைத்துவிடாதீர்கள். மட்கார்டைத் தாங்கும் பின்கம்பி பழைய புல்லட்டில் பெரும்பாலும் போல்ட்டில்தான் நிற்கும். பெயிண்டும் துருவும் மூடி, வெல்டு போலத் தெரியும். சுரண்டிப் பார்த்துவிட்டுக் கிரைண்டரைத் தள்ளி வையுங்கள். சீட்டுக்கு உள்ளே 100 அடர்த்தி ரீபாண்ட் ஃபோம் (துண்டுகளை ஒட்டி அழுத்திய கெட்டி ஃபோம்) 25 மி.மீ., மேலே 40 அடர்த்தி ஃபோம் 25 மி.மீ. இதற்குக் குறைந்தால் முதுகெலும்புக்கு நல்லதல்ல.

உப்புக்காற்று பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். சேஸிஸை மணல் அடித்துச் சுத்தம் செய்தால் அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் ஏற வேண்டும். முட்டத்துக் காற்றில் ஓர் இரவு விட்டால் காலையில் இரும்பு மஞ்சள் பூத்துவிடும். அதன்மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது. சேஸிஸ் எண், பேரிங் உட்காரும் கிண்ணம் இரண்டையும் மூடிவிட்டு மணல் அடியுங்கள். எண்ணைத் தேய்ப்பதும் பெயிண்டில் மூழ்கடிப்பதும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெரிய சிக்கலாகும். பவுடர் கோட்டிங்கைவிட டூ-கே பெயிண்டே (ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) இங்கே நல்லது என்பது எங்கள் கருத்து. பவுடரில் கல் பட்டு ஒரு புள்ளி உடைந்தால் உப்பு அடியில் ஊர்ந்து விரல் அகலத்துக்குப் பரவிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். பெயிண்டில் அடிபட்ட இடம் உடனே தெரியும், தொட்டுப் பூசலாம்.

சைலன்சர் பைப்பில் துணிநாடா சுற்றும் வழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். அந்த நாடா ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சிப் பைப்போடு கட்டி வைத்துக்கொள்ளும். உள்ளே பைப் இற்றுப்போவது வெளியே தெரியாது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டை அலுமினியத்தில் போடும்போது ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவுங்கள். இரு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் பூத்து போல்ட்டை இறுக்கிவிடும். ஸ்போக்கும் ஸ்டெயின்லெஸ்ஸில் போடலாம். ஆனால் பழைய ஸ்போக்கை அவிழ்க்கும் முன் ரிம் விளிம்புக்கும் ஹப்புக்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் அளந்து எழுதுங்கள். அந்த அளவு தவறினால் மேலே சொன்ன நரம்புச் சோதனையில் வண்டி ஒருபோதும் தேறாது.

வயரிங்கில் முதலில் 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பாருங்கள். 12 வோல்ட்டில் 60 வாட் ஹெட்லைட் 5 ஆம்பியர் இழுக்கும், அதற்கு 1.5 சதுர மி.மீ. வயரும் ரிலேயும் வேண்டும். இண்டிகேட்டருக்கு 0.75 போதும். எர்த்தைப் பெயிண்ட் அடித்த சேஸிஸை நம்பி விடாமல், பேட்டரியிலிருந்து எஞ்சினுக்குத் தனி வயராக இழுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஐப்பசி அடைமழையில் பச்சை பூத்து நிற்கும். டெர்மினலை வயரில் நசுக்கிப் பிடிக்கும்படி கிரிம்ப் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, டெர்மினலில் வாசலின் தடவுங்கள். 15 ஆம்பியர் ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கார்பரேட்டரில் ஃபில்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழல்வாய் வைப்பதைப் பலர் விரும்புகிறார்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கார்னெட் இருக்கிறது. உப்புத்தாள் ஒட்டுவதற்கும் மணல் அடிப்பதற்கும் பயன்படும் அதே கார்னெட். அது சிலிண்டருக்குள் போனால் ரிங்கும் போரும் என்னாகும் என்று விளக்க வேண்டியதில்லை. எண்ணெய் தடவிய ஃபோம் ஃபில்டர் போடுங்கள். பழைய ஏர்பாக்ஸ் போனதும் காற்று கூடி எரிபொருள் குறையும்; இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்பதால் இன்னும் குறையும். மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டி, ஊசியின் கிளிப்பை ஒரு படி கீழே இறக்கி, முக்கால் ஆக்சிலரேட்டரில் 3 கிலோமீட்டர் ஓட்டி, அப்படியே எஞ்சினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பால் விட்ட காப்பி நிறம் வேண்டும். வெள்ளை என்றால் இன்னும் ஓர் அளவு கூட்டுங்கள், கரி என்றால் குறையுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியின் டேங்கில் பெட்ரோல் விட்டு வைக்காதீர்கள்.

இதற்கு முன்பே டாப்பெட்டும் (வால்வு இடைவெளி) பாயிண்டும் (பிளக் பொறிக்கான தொடுமுனை) சரியாக இருக்க வேண்டும்: எஞ்சின் ஆறியிருக்கும்போது புஷ் ராட் விரலால் சுழல வேண்டும், மேல்-கீழ் ஆட்டம் கூடாது, பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.; பொறி விழும் டைமிங் முழுதும் பின்தள்ளிய நிலையில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்.

பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்த நீளமான ஷாக் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். இரு சக்கர அச்சுக்கும் நடுவில் 1370 மி.மீ.; பின்னால் 25 மி.மீ. உயர்த்தினால் முன் ஃபோர்க் சுமார் 1 டிகிரி நிமிரும். ஹாண்டில் சுறுசுறுப்பாகும், அதே அளவுக்கு நேரோட்டத்தில் நிலையும் குறையும். வடசேரி நெரிசலில் இது சுகமாகத் தெரியும். ஆனால் ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி முப்பந்தலில் பக்கக்காற்று அறையும்போது, தாழ்ந்த பாரில் நெம்புகோல் பலமும் குறைவாக இருக்கையில், வண்டி அரை அடி நகரும். 25 மி.மீ.க்கு மேல் போக வேண்டாம். ஷாக் மாற்றிய பின் ஆள் உட்கார்ந்த நிலையில் செயின் தொய்வை மறுபடி பாருங்கள்.

முதல் ஓட்டத்துக்கு முப்பந்தலை வைக்காமல் பூதப்பாண்டி, திட்டுவிளை வழியாகக் கீரிப்பாறைப் பக்கம் போய் வாருங்கள். வளைவு, ஏற்றம், மோசமான ரோடு எல்லாம் சிறு தூரத்தில் கிடைக்கும். 50 கிலோமீட்டரில் ஸ்போக்குகளைத் தட்டிக் கேளுங்கள், மந்தமாக ஒலிப்பது தளர்ந்திருக்கிறது. 100இல் கால்வைப்புத் தகட்டின் போல்ட், கியர்க் கம்பியின் லாக் நட், சைலன்சர் பிடி. 500இல் எஞ்சின் ஆயில் மாற்றி, ஹெட் நட்டுகளை ஆறிய எஞ்சினில் குறுக்கு வரிசையில் இறுக்கி, டாப்பெட்டை மறுபடி சரிபாருங்கள். கடற்கரை ரோட்டில் ஓட்டிய நாளெல்லாம் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, அதன் பிறகே கவர் போடுங்கள். ஈரத்தோடு கவர் போட்டால் உள்ளே உப்பு வேலை செய்துகொண்டே இருக்கும்.